மிளகாய் வந்த வரலாறு

ஆசிரியன் ஒருவன் தான் செய்த பிழையைத் தானே எடுத்துரைத்தல் பிற ஆசிரியர்க்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இச் செய்தியை முதலிற் கூறுகின்றேன். சில ஆண்டுகட்கு முன்னர் ரவாங்கில் மாணவர்க்கென ஒரு சிறு கண்காட்சி அமைத்தோம். 'சங்ககாலத் தமிழர் அடுக்களை' என்பது அதன் பெயர். மண்பானை, அம்மி, உரல், முறம், தினை, வரகு, புளி, உப்பு ஆகியவற்றை முறையே பரப்பி வைத்தோம். அம்மிக்கல் வெறுமையாகத் தோன்றுதல் கூடாதென்று, நிறம் எடுப்பாகத் தெரியும்படி, செக்கச் சிவந்த மிளகாய் பத்துப் பன்னிரண்டை யானே அதன்மேல் வைத்தேன். பார்க்க வந்தவருள் முதியவர் ஒருவர். பால் மரம் வெட்டி வாழ்ந்தவர். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவர். அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இந்தக் காய் எந்தப் பாட்டுல வருது?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளும் விருப்பத்தாற் கேட்டாரேயன்றி என்னை மடக்கக் கேட்டாரல்லர். எனக்கு விடை கூற இயலவில்லை. அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். எட்டுத்தொகையில் இல்லை, பத்துப்பாட்டில் இல்லை, பின்னெழுந்த காப்பியங்களிலும் இல்லை. இருத்தற்கு வழியும் இல்லை.

சங்கச் சான்றோர் அறிந்த காரம் மிளகின் காரமே. அதனை அவர்கள் 'கறி' என்றும், பெரும்பாணாற்றுப்படை ஆசிரியர் கூறுமாறு 'மிரியல்' என்றும் வழங்கினர். பேரியாற்று முகத்தில் முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்று 149-ஆம் பாட்டு உரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வீதியில் மிளகு மூடைகள் குவிந்து கிடந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. இவை வெறும் புலமைக் கற்பனையல்ல என்பதற்கு மண்ணுக்கடியிலிருந்தும் சான்று கிடைத்துள்ளது. எகிப்து நாட்டுச் செங்கடற் கரையில் பெரனிகே என்னும் பழந்துறையில் 1999-ஆம் ஆண்டு அகழ்ந்தவர்கள், கோயில் ஒன்றின் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ கருமிளகைக் கண்டெடுத்தனர். இன்று நாம் 'கறி' என்று வழங்கும் சொல்லே முதலில் மிளகைக் குறித்து, பின்னர் மிளகிட்டுச் சமைத்ததைக் குறித்து, அதன் பின்னர் இறைச்சியைக் குறிக்கலாயிற்று என்பர். மிளகுக்குத் தமிழர் அடுக்களையில் இருந்த ஏற்றம் அத்தகையது.

மிளகாயின் பிறப்பிடமோ கடலுக்கு அப்பால் உள்ள அமெரிக்கா. அங்குள்ள மக்கள் அதனைப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தனர். தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் பழைய குடியிருப்புகளின் அரைகற்களிலும் பானைகளிலும் ஒட்டியிருந்த மாவணுக்களை ஆராய்ந்தவர்கள், ஆறாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்கு மிளகாய் உணவாயிருந்ததென 2007-இல் வெளியிட்டனர். அதாவது, மிளகாய் வைத்து அரைத்த அம்மி உலகில் இருந்ததுண்டு. ஆனால் அது நம் அம்மி அன்று. மிளகைத் தேடி இந்தியாவுக்கு வழி காணப் புறப்பட்ட கொலம்பசு, ஹைத்தித் தீவில் அம் மக்கள் 'அஹி' என்று அழைத்த காயைக் கண்டு, அது மிளகினும் சிறந்தது என்று 1493-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. ஆயினும் தேடியதன் பெயரைக் கிடைத்ததற்கு இட்டு மனம் தேறினர் ஐரோப்பியர். நாம் ஆராயப்புகும் சொல் வரலாறு முழுவதற்கும் இப் பெயர்மாற்றமே தாய்.

வாஸ்கோட காமா கோழிக்கோட்டுத் துறையில் இறங்கியது 1498-இல். போர்ச்சுகீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510-இல். மலாக்காவைக் கைப்பற்றியது 1511-இல். பிரேசில் நாடும் அவர்கள் கையில் இருந்தமையால் அமெரிக்க விதைகள் அவர்தம் கப்பல்களில் கிழக்கே வருதல் எளிதாயிற்று. எந்தக் கப்பலில், எந்த நாளில், எவர் மடியில் முதல் விதை வந்ததென எவரும் எழுதி வைத்திலர். விதைக்குச் சுங்கமும் இல்லை, கணக்கேடும் இல்லை. ஆயினும் அது எத்துணை விரைந்து பரவிற்றென்பதை ஐரோப்பியர் செய்த ஒரு பிழையே காட்டுகின்றது. செருமானிய நாட்டு மருத்துவர் லெயோன்ஹார்ட் புக்சு 1542-இல் வெளியிட்ட செடிநூலில் மிளகாய்ச் செடியின் படத்தை அழகுற அச்சிட்டு, அதற்குக் 'கோழிக்கோட்டு மிளகு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். கொலம்பசு திரும்பி ஐம்பது ஆண்டுகள் கூட ஆகவில்லை. அதற்குள் அச்செடி இந்தியாவிற்கே உரியதென ஓர் அறிஞர் நம்பினார்! இருநூறு ஆண்டுகட்குப் பின் சாக்குவின் என்னும் மற்றொரு செடிநூலார் அமெரிக்க மிளகாய் வகை ஒன்றிற்குச் சீனத்து மிளகாய் என்று 1776-இல் இலத்தீன் பெயர் சூட்டினார். அப் பிழை திருத்தப்படாமல் அறிவியற் பெயராக இன்றும் நிற்கின்றது. எனவே அம்மியின்மேல் மிளகாய் வைத்த பிழையில் யான் தனியன் அல்லேன் என்று சிறிது ஆறுதல் கொண்டேன்.

இனிச் சொல்லை ஆராய்வோம். மிளகாய் என்பது மிளகு, காய் என்னும் இரு சொற்களின் கூட்டு என்பதில் ஐயமில்லை. மிளகு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். மிளகு போன்ற காய் என உவமைத்தொகையாகக் கொள்ளினும், மிளகினது காய் என வேற்றுமைத்தொகையாகக் கொள்ளினும், நன்னூலார் விதிப்படி இவ்விடத்து வல்லினம் மிகாது. ஆகவே 'மிளகுகாய்' என்றே நிற்றல் வேண்டும். ககர ஓசை இரண்டு அடுத்தடுத்து வந்து நாவை இடறுதலின், ஒன்று பேச்சில் நழுவி 'மிளகாய்' ஆயிற்றென்பது என் கருத்து. வகுப்பில் புணர்ச்சி கற்பிப்போர்க்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இலக்கணம் மிளகுகாய் வரை கொண்டுவந்து விடும். எஞ்சிய சிறு தொலைவை மக்கள் நாக்கு நடந்தது.

நம் உடன்பிறந்த மொழிகளை நோக்கின் இச்செய்தி இன்னும் தெளிவாகும். தெலுங்கில் மிளகு மிரியம், மிளகாய் மிரபகாய. கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. மலையாளத்தில் நடந்ததோ வியப்புக்குரியது. வந்த விருந்து வீட்டுக்காரன் பெயரையே எடுத்துக்கொண்டது. அங்கே முளகு என்றால் இன்று மிளகாயே. பழைய மிளகு தன் பெயரை இழந்து குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழி சேர்த்து அழைக்கப்படுகின்றது. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் 'நல்லமிளகு' என்னும் வழக்கு உண்டு. 'நல்ல' என்னும் அடைக்கு, மற்றொரு மிளகு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதன்றி வேறென்ன காரணம்? மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி ஒல்லாந்தர் ஆளுநர் வான் ரேடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த பெருநூலில் இச்செடிக்கு உள்ள பெயர் 'கப்போ மொலகோ' என்பது. கப்பல் மிளகு என்று அதற்குப் பொருள் கொள்வர். கப்பலில் வந்ததென்பதை அக்கால மக்கள் மறந்தாரில்லை. நாம்தான் மறந்தோம்.

மலாய் மொழியிலும் இவ்வாறே. 'லாடா' என்பது மிளகின் பெயர். கிளந்தான் பகுதியில் அச்சொல் மிளகாயைக் குறிக்கின்றது. 'சாபாய்' என்பது முதலில் சாவக நாட்டுத் திப்பிலியின் பெயர். பின்னர் அதுவும் மிளகாய்க்கு ஆயிற்று. இத்தனை மொழியினரும் ஒருவரையொருவர் கலந்தா இப் பெயரை இட்டனர்? அன்று. போர்ச்சுகீசிய மொழியில் மிளகுக்கும் மிளகாய்க்கும் 'பிமெந்தா' என்னும் ஒரே சொல்தான் வழங்குகின்றது. கொண்டுவந்தவன் மிளகென்று சொல்லிக் கொடுத்தான். வாங்கியவரும் தத்தம் மொழியின் மிளகுச் சொல்லையே அதற்குச் சூட்டினர். இதற்கு மாறாகப் பிலிப்பைன் தீவினர் மிளகாயைச் 'சிலி' என்கின்றனர். அது மெக்சிகோப் பழங்குடிகளின் சொல். அங்கே மிளகாயைக் கொணர்ந்தவர் 1565 முதல் அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்குக் கப்பல் விட்ட இசுபானியர். அவர்கள் மெக்சிகோச் சொல்லையும் உடன் கொணர்ந்தனர். ஆகவே மலாய் நாட்டிற்கு மிளகாய் முதலில் வந்தது மணிலா வழியன்று, மலாக்கா வழியே எனக் கருதுகின்றேன். மலாயில் இன்று பெருவழக்காயுள்ள 'சிலி' ஐரோப்பிய மொழிகளின் வாயிலாகப் பின்னர் வந்து சேர்ந்தது. அக்கால மலாக்காவில் சோழமண்டலக் கரை வணிகர் பலர் இருந்தனர். நைனா செட்டி என்பவர் போர்ச்சுகீசியர் காலத் தொடக்கத்தில் அங்கு உயர்பதவியே வகித்தார். இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே மிளகாய் சென்றதில் தமிழர் கையும் இருந்திருக்கும் என்று கருதுதல் மிகையாகாது. ஆயினும் அதற்கு எழுத்துச் சான்று காட்ட யான் துணியேன்.

மிளகை மிளகாய் ஏன் வென்றது? மிளகு கொடி, மலைச்சாரலும் நிழலும் மிகுந்த மழையும் வேண்டுவது, நட்டுச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். பாண்டி நாட்டுக் கரிசற்காட்டு உழவனுக்கு மிளகென்பது காசு கொடுத்து வாங்கும் பொருள். மிளகாயோ ஒரு பிடி விதையில் முளைத்து, மூன்று நான்கு திங்களில் காய்த்து, வெயிலில் உலர்த்தினால் ஆண்டு முழுதும் கெடாமல் இருப்பது. ஏழையின் அடுக்களைக்குக் காரம் முதன்முதலாக இலவசமாய் வந்தது. இஃது ஒரு சிறு புரட்சியே என்பேன். அரசர் வரலாற்றில் அதற்கு ஒரு வரியும் இல்லை. இராமநாதபுரத்து வறண்ட நிலத்தில் விளையும் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதென்றால், வந்தேறிச் செடி அம்மண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டதென்று பொருள்.

ஆயினும் பழைய அடுக்களை முற்றும் அழிந்துவிடவில்லை. திவசச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே இடும் குடும்பங்கள் இன்றும் உள. காஞ்சிபுரத்துக் கோயில் இட்டலியில் காரம் மிளகின் காரமே. சடங்கு எனப்படுவது பழைய சமையற் குறிப்பைச் சேமித்து வைத்த பேழை போலும். ஆனால் அதனையும் முற்றிலும் நம்புதற்கில்லை. கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகின்றோம். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதி வேண்டுவோர் மிளகாய் அரைத்துப் பூசுகின்றனர். தொன்றுதொட்டு வந்தவை என்று நாம் எண்ணும் இவ்வழக்குகள், மிளகாயளவில் ஐந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்டவை ஆகா.

இனி ரவாங்கிற்கு வருவோம். ரவாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்பது பொருள். ஈயச் சுரங்கத்தால் எழுந்த ஊர். கோலாலம்பூரிலிருந்து இங்கு இருப்புப்பாதை வந்தது 1892-இல். பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894-ஆம் ஆண்டளவில் தம் சுரங்கத்து நீரை இறைக்க இங்கே மின்னாற்றலைப் பயன்படுத்தினர்; மலாயாவில் மின்னாற்றல் முதலிற் பயன்பட்ட இடம் ரவாங் என்பர். பின்னர்க் காப்பியும் அதன் பின்னர் ரப்பரும் வந்தன. அவற்றோடு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறித் தமிழர் வந்தனர். அவர்தம் துணிமூட்டையில் காய்ந்த மிளகாய் இருந்திருக்கும். காய்ந்த மிளகாய்க்குள் விதை உண்டு. எடுத்துவர வேண்டுமென எவரும் நினையாமலே விதை கடல் கடந்திருக்கும்.

சொற்களும் அவ்வாறே வந்தன. யாழ்ப்பாணத்தார் செத்தல் மிளகாய் என்பர். கொங்கு நாட்டார் வரமிளகாய் என்பர். தென்பாண்டியார் வத்தல் என்பர். பிரிக்பீல்ட்சில் இருப்பூர்தி அலுவல் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பத்தாரும் ஏனைத் தமிழரும் ஒரே கடையில் ஒரே சரக்கை வேறு வேறு பெயரால் கேட்டிருப்பர். இவற்றைத் தொகுத்து எழுதி வைக்கும் மாணவர் எவரேனும் வருவாராயின் மகிழ்வேன். பாட்டிமார் இருக்கும்போதே செய்தல் வேண்டும்.

போருக்கு முந்திய தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்ய ஒதுக்குமாறு கூறிற்று. அஃது ஏறத்தாழ 2,700 சதுர அடி. சட்டத்தில் உள்ளதெல்லாம் தோட்டத்தில் இருந்ததென்று கொள்ளற்க. ஆயினும் லயத்து வீடுகளின் பின்புறம் கத்தரி, முருங்கை, கருவேப்பிலை, மிளகாய் ஆகிய நான்கும் இல்லாத இடம் அரிதென்பதைக் கண்டு வளர்ந்தவர் பலர் இன்றும் உள்ளனர். 1942 சனவரி 11-இல் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. இந்தியாவோடு கடல் வாணிகம் அறுந்தது. அரிசி அருகி மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் சோறாயின. சுவையற்ற அக்கிழங்கை நாள்தோறும் தொண்டைக்குள் இறக்கியது வேலியோரத்து ஊசி மிளகாயும் உப்பும்தான் என்று அக்காலம் கண்டோர் கூறக் கேட்டிருக்கின்றேன்.

ஊசி மிளகாயை மலாயர் 'சிலி பாடி' என்பர். பாடி என்பது நெல். நெல்மணி போற் சிறியது என்பது கருத்து. எவரும் நடாமலே அது வேலியில் முளைப்பதற்குக் காரணம் பறவை. மிளகாயின் எரிவுப் பொருளை உணரும் உறுப்பு நமக்கும் எலி முதலிய விலங்குகளுக்கும் உண்டு. பறவைக்கு அவ்வெரிவு தோன்றுவதில்லை. எலி விதையை மென்று அழிக்கும். பறவை விழுங்கிப் பிறிதோரிடத்தில் இடும். அவ்வுறுப்பை 1997-இல் கண்டறிந்த டேவிட் சூலியசு 2021-இல் நோபல் பரிசு பெற்றார். காரம் விதையில் இருப்பதாகப் பலரும் கருதுகின்றனர், அது தவறு. விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே காரம் ஊறுகின்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், பின்னர் வீடமைப்பு நிலங்களாகியும் போன பிறகு, லயத்துக் கொல்லையும் போயிற்று. அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர்க்கு எஞ்சியது சாளரத்து ஓரமும் ஒரு பூந்தொட்டியுமே. ஆயினும் மிளகாய்க்கு அது போதும். நன்கு பழுத்துச் சிவந்த பழத்தில் விதை எடுத்து நிழலில் உலர்த்துதல் வேண்டும். பச்சைக்காயின் விதை முற்றாதது. இந்நாட்டு ஈரக்காற்றில் விதை விரைவில் உயிரிழக்கும். பாட்டிமார் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் வைத்தது அது கருதியே. அரை விரற்கடைக்கும் குறைந்த ஆழத்தில் இட்டால் ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். நான்கைந்து வாரத்தில் எடுத்து நடலாம். ஊரின் பெயரே சதுப்பாதலின் நீர் வடிதல் முதற்கவலை. தரையில் நடுவோர் மேட்டுப்பாத்தி கட்டுக. புளித்த மண்ணுக்குச் சிறிது சுண்ணாம்பு இடுக. கத்தரியும் தக்காளியும் மிளகாயின் தாயத்தார். அவை வாடி மடிந்த மண்ணில் மிளகாயை உடனே நட்டால் வாடல் நோய் இதனையும் பற்றும். இலை சுருளுமாயின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க; நுண்ணிய பூச்சிகள் சாறுண்டு கொண்டிருக்கும்.

குடைமிளகாயைப் பற்றி ஒரு சொல். அதுவும் மிளகாயினமே; காரம் ஊறச் செய்யும் மரபுக்கூறு ஒன்று பழுதுற்றமையால் இனிப்பாயிற்று. இரவுக் குளிர்ச்சியை விரும்புவதாதலின் கேமரன் மலையில் செழிப்பது போல் ரவாங்கில் செழிப்பதில்லை. பூக்கும், பூ உதிரும். பக்கத்தில் ஊசி மிளகாய் இருப்பின் குடைமிளகாய் காரமாகிவிடும் என்னும் அச்சம் அவ்வாண்டுக் காய்க்குப் பொருந்தாது. மகரந்தம் கலந்த அவ்விதையை எடுத்து மறுமுறை விதைத்தால் மட்டும் காரம் தலைகாட்டும். கடையில் வாங்கும் கலப்பின விதையின் வழித்தோன்றல்களும் தாயை ஒத்திரா. இதனை அறியாமல் இருமுறை விதைத்து ஏமாந்தேன்.

மறு ஆண்டுக் கண்காட்சியில் அம்மியின்மேல் மிளகும் திப்பிலியும் வைத்தோம். மிளகாய்த் தொட்டியை அறையின் மறுகோடியில் தனியே ஒரு மேசையில் வைத்து, பக்கத்தில் மாணவர் செய்த காகிதக் கப்பல் ஒன்றையும் '1498' என்று எழுதிய அட்டையையும் வைத்தோம். அம்முதியவர் அவ்வாண்டும் வந்தார். கப்பலைப் பார்த்தார், அட்டையைப் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். புறப்படும்போது பழுத்த மிளகாய் இரண்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.